அண்ணனுக்குக் கலக்கிக் கொடுத்த காடி

1934 ஜூன் 4, திங்கள்
பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு அண்ணனோடு சிகாமட் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு மாதமாக அவனுக்குப் பிடரி வலி. டாக்டர் அவன் கையில் பட்டை கட்டி, பாதரசம் ஏறுவதை இரண்டு தடவை பார்த்தார். "ரத்தக் கொதிப்பு ரொம்ப அதிகம், கனகராஜ். ஓய்வு வேணும். லாரி ஓட்டவே கூடாது." அதையே ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான சாஆவில் அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "ராஜம்மா, தோட்டத்துல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. லாரிய எடுத்துட்டாங்கன்னா நான் யாரு?" என்றான்.

ஜூன் 6
சித்தப்பாவுக்குக் கொதிப்பு என்று பொய் சொல்லி, துரை பங்களா சமையல்காரரிடம் ஒரு சீசா வாங்கி வந்திருக்கிறான். ஆப்பிள் பழத்தைப் புளிக்க வைத்து எடுத்த காடி. துரையின் தாயாருக்கு இதுதான் கொதிப்பை இறக்கியதாம். காலையில் இரண்டு கரண்டி, தண்ணீரில். நான்தான் கலக்கிக் கொடுத்தேன்.

ஜூன் 7
என்ன புளிப்பு நாற்றம்! ஒரே மடக்கில் குடித்துவிட்டான்.

ஜூன் 19
தலைவலி இல்லையாம். "பாத்தியா, எறங்கிருச்சு!" மறுபடி அளந்து பார்த்துவிடலாமே என்றேன். "அளந்தா வேண்டாத பேச்சுத்தான் வரும்." விட்டுவிட்டேன். எனக்கும் நம்ப ஆசையாக இருந்தது.

ஜூலை 2
அண்ணனால் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. வலது கை மரத்துப்போச்சாம். வெளியே லாரியில் பால்வெட்டுப் பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். "அண்ணே, நேரமாச்சு, வாங்க" என்று வெள்ளையம்மா கூப்பிட்டாள். போகாதே என்று என் வாய்வரை வந்தது. பித்தானைப் போட்டுவிட்டேன். காடியை ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றிக் கொடுத்தேன்.

அதே நாள், மாலை
ஓடைப் பாலத்தில் லாரி கவிழ்ந்துவிட்டது. வெள்ளையம்மா செத்துட்டா. அண்ணன் உயிரோடு இருக்கிறான் — வலப்பக்கம் விழுந்து, வாய் கோணி, பேச்சில்லாமல். காலையில அந்தக் கைய நான் பாத்தேனே. பாத்தேனே!

ஜூலை 9
பிரேக் பிடிக்கவில்லை என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. பட்டறை மெக்கானிக் சிக்கந்தரைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டது. அவர் மனைவி ஜெய்னம்பு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், மொத நாள்தான் பிரேக்க சரி பாத்தாரு. உங்க அண்ணன் ஓட்டிப் பாத்துத்தான் சாவி வாங்குனாரு. அவரால பேச முடியலயே." நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 10
நாளைக்குப் போலீஸ் விசாரணைக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

ஜூலை 11
விசாரணையில் எல்லாம் சொன்னேன். டாக்டர் எழுதிய சீட்டையும் கொடுத்தேன். வெளியே வந்தபோது வெள்ளையம்மாவின் புருஷன் வழியில் நின்றான். "தெரிஞ்சுமா டீச்சர் விட்டீங்க?"

தெரிந்துதான்.

ஆகஸ்ட் 3
பெற்றவர்கள் நிறுத்திவிட்ட பதினோரு பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கு வரவில்லை. அண்ணன் என் கையால் சாப்பிடுவதில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறான். சிக்கந்தர் விடுதலையாகி வந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் வருகிறார். பட்டறை எண்ணெய் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுகிறார். அவருக்கு வாயைத் திறக்கிறான். நான் அடுப்படியில் நின்று, கிண்ணத்தைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்கும்வரை காத்திருக்கிறேன்.