இரண்டாவது மாத்திரை அட்டை

பாம்பன்
செப்டம்பர் 17

அன்புள்ள சிநேகா அப்பாவுக்கு,

மாதா துணையால் நானும் பிள்ளையும் நலம். நீங்கள் நலம் என்று போனில் சொல்வதை நான் நம்பவில்லை. பேசும்போதே நடுவில் போனைத் தள்ளிப் பிடிக்கிறீர்கள். கேட்டால் படகில் சிக்னல் இல்லை என்கிறீர்கள். அதனால்தான் கடிதம். இதில் பேச்சை மாற்ற முடியாது.

மகள் பிரெசில்லாவுக்குக் காசநோய் என்று தெரிந்து வேதமுத்து அண்ணன் உங்கள் படகிலிருந்து ஓடிவந்தாரே, அதற்குப் பிறகு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தார்கள். இன்னும் இரண்டு பேருக்கு இருக்கிறது. நம் சிநேகாவுக்கு எக்ஸ்ரே சுத்தம். ஆனாலும் கிருமி உள்ளே இருக்கலாமாம், நோயாக வராமல் தடுக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குகிறாள்.

எங்களுக்கு முதலில் ஜெயசுதா டீச்சர் மேல்தான் சந்தேகம். ஆள் ஒல்லி, எப்போதும் தொண்டையைச் செருமுவார், ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனது நான்தான். இந்தப் பொம்பள வந்தா எங்க பிள்ளைக வராதுக என்று கத்தியதும் நான்தான். டீச்சருக்குச் சளி எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. எனக்கு அதிலும் சந்தேகம். ரிப்போர்ட்டை மாற்றியிருப்பார்கள் என்று தெருவெல்லாம் சொன்னேன். இப்போது அவர் மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

போன திங்கள் சுகாதாரத் துறையிலிருந்து நாகலெட்சுமி என்ற அம்மா வீட்டுக்கு வந்தார். மூணு பிள்ளைகளும் மூணு வகுப்பு, பள்ளிக்கூடத்துல ஒண்ணா உட்காருறதே இல்ல, வேற எங்கன கூடுதுக என்று கேட்டார். தெரியாது என்றேன். வீட்டில் யாராவது இருமினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்லும்போதே உங்கள் இருமல் நினைவுக்கு வந்தது.

மூன்று பேரும் மாதா கோயில் திருவிழாவுக்கு நம் வீட்டில் பாட்டுப் படித்தவர்கள். கேரளத்தில் மீன்பிடித் தடைக்காலம் என்று நீங்கள் இங்கே இருந்த நாட்கள். ஆடிக் காற்றில் மணல் வருகிறதென்று கதவு, சன்னல் எல்லாம் சாத்திவிட்டு ஒரு மாதம் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். வரிக்கு வரி இருமினீர்கள். ஐஸ் தண்ணி குடிச்சதுடி, விடு என்றீர்கள்.

அந்த அம்மா போனதும் உங்கள் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தேன். உங்கள் படகு நிற்கிற முனம்பம் பக்கத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, ஜூன் ஏழாம் தேதி போட்டது. கூடவே இரண்டு மாத்திரை அட்டை. பிரெசில்லா விழுங்கும் அதே சிவப்பு மாத்திரை. ஒரு அட்டை காலி. இன்னொன்றில் ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. நீங்கள் வந்த புதிதில் மூத்திரம் சிவப்பாகப் போகிறதே என்று கேட்டேனே, சூடு என்றீர்களே! நானும் நம்பி ஒரு வாரம் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அது இந்த மாத்திரையால் வருவது என்று பிரெசில்லா அம்மாவிடம் நர்ஸ் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஊர் ஒதுக்கும் என்று பயந்தீர்களா? படகில் ஏற்ற மாட்டார்கள் என்று பயந்தீர்களா? எதுவானாலும் என்னிடம் சொல்லியிருக்கலாம். கோபம் கோபமாக வருகிறது. உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நாகலெட்சுமி அம்மா மறுபடி வருவார். உண்மையைச் சொல்லப் போகிறேன். டீச்சர் வீட்டுக்கும் போவேன், கதவைத் திறப்பாரோ என்னவோ. நீங்கள் அங்கேயே உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாதியில் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். படகில் உங்களோடு படுக்கிறவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். இங்கே சன்னலை எல்லாம் திறந்து போட்டுவிட்டேன், மணல் வந்தால் பெருக்கிக்கொள்கிறேன்.

இதைக் கொண்டுவருகிறவர் வேதமுத்து அண்ணன். உறையை ஒட்டித்தான் கொடுக்கிறேன், பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை அவர். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. பிரடெரிக்குக்குத் தொண்டை சரியில்ல என்று உங்களுக்காகச் சித்தரத்தை வாங்கி வைத்திருக்கிறார். வாசித்து முடித்ததும் இதைக் கிழித்துப் போடாதீர்கள். அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அதற்கான தைரியத்தை ஆண்டவர் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

உங்கள்
லீமாரோஸ்