இன்னும் உன் பெயரில் ஓடும் கார்

அக்கராயன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கௌசலாவுக்கு,

நீயும் மருமகனும் சின்னவனும் அந்த நோர்வேக் குளிரில் மூக்கு ஒழுகாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம். இன்றைக்குச் சுகம், போன கிழமை எப்படி இருந்தோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு முதல் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். புதன்கிழமை பின்னேரம் நீ கோல் எடுத்து, ஏனம்மா குரல் ஒரு மாதிரிக் கிடக்கு என்று கேட்டபோது லைன் கட்டானது அல்லவா, அது தானாகக் கட்டாகவில்லை. நான்தான் ஹலோ ஹலோ கேக்கேல்லை என்று கத்திவிட்டுக் கோலை வெட்டி, போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். நீ பானைக்குள் இருந்து இன்னும் நாலு தரம் கிணுகிணுத்தாய். அப்பா பானையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். எனக்கு எழுதுவது வரம்பு வெட்டுவதைவிடக் கஷ்டம், ஆனால் போனில் சொன்னால் நீ இடையில் குழறுவாய், கடிதத்தோடு நீ சண்டை பிடிக்க முடியாது. அதோடு பேப்பர்களும் அனுப்ப வேண்டும். எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டுக் கஜேந்தினி தகப்பனின் திவசத்துக்கு வந்து நிற்கிறாள், செவ்வாய்க்கிழமை உங்கள் ஊருக்குத் திரும்புகிறாள், அவள் கையில்தான் கொடுத்துவிடப் போகிறேன். என்வலப்பை இரண்டு தரம் ஒட்டித்தான் கொடுப்பேன், அவள் வாசித்தால் அங்கே இருக்கிற எல்லாத் தமிழருக்கும் நீ வாசிக்க முதலே கதை தெரிந்துவிடும்.

விசயம் உன் வெள்ளைக் கார். நீ போகும்போது பெயர் மாற்றுகிற பேப்பரில் கையெழுத்துப் போட்டு, வாங்குகிறவரின் பெயர் எழுதுகிற இடத்தைச் சும்மா விட்டு, காரின் புத்தகத்தோடு அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போனாய். மூன்று தரம் சொன்னாய், ஆள் வந்தால் அவரின்ரை பேரை எழுதி, நீங்களே வாகனம் பதியிற கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேரை மாத்திப்போட்டுத்தான் கார்த் திறப்பைக் குடுக்கோணும் அம்மா என்று. நான் மூன்று தரமும் ஓம் என்றேன். சித்திரையில் மல்லாவி வினோதன் வாங்கினபோது, பேர் மாத்தியாச்சு மகள் என்று உனக்குப் போனில் சொன்னேன். மாற்றவில்லை. அன்றைக்கு வெட்டு மெசின் வயலுக்குள் நின்றது, கந்தோருக்குப் போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும், அந்தப் பெடியனும் அம்மா அம்மா என்று தேன் மாதிரிக் கதைத்து, ரெண்டு கிழமையிலை நானே மாத்திறன் அம்மா, என்னிலை நம்பிக்கை இல்லையோ என்று கேட்டான். நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது. பெயர் எழுதாத பேப்பரையும் புத்தகத்தையும் திறப்பையும் தூக்கிக் கொடுத்தேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் கைமாற்றுகிறார்கள் என்று அப்பாவும் சொன்னார். கார் எத்தனை பேரிடம் போனாலும் பேப்பரில் மட்டும் நீயே ஓடிக்கொண்டிருக்கிறாய் என்பது எங்கள் இரண்டு பேருடைய மண்டையிலும் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலமை நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டு நிற்க, ஒரு பொலிஸ்காரத் தம்பி வாசலில் நின்று, சின்னராசா கௌசலா எண்டது ஆர் என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டு, ஏன் தம்பி, கலியாணம் பேசவோ, அவள் கட்டி நாலு வருசமாச்சு என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் பூவரசங்குளத்தில் உன் நம்பர்க் கார் சைக்கிளில் வந்த ஒருவரை இடித்துவிட்டு ஓடிவிட்டதாம், ஆள் வவுனியா ஆஸ்பத்திரியில், கால் இரண்டு இடத்தில் முறிவாம். ஓட்டினது ஒரு பொம்பிளை என்று கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். புத்தகத்தில் இருப்பதும் ஒரு பொம்பிளையின் பெயர். மகள் நோர்வேயில் என்றேன். வெளிநாடு எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம் அம்மா, பாஸ்போட் கொப்பி கிடக்கோ என்றார். கிடக்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் அந்தப் பக்கத்து ஸ்ரேசனுக்கு ஒன்றில் மகள் வர வேண்டும், இல்லையென்றால் காரும் ஓட்டினவரும் வர வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் ஆள் தலைமறைவு என்று கோட்டு நீதவானுக்கு எழுத வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ மார்கழியில் பிள்ளையோடு வந்து இறங்கப்போகிறாய். எயார்போட்டில் ஒருவன் உன் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஓரமாய் நில்லுங்கோ என்று சொல்வதும், சின்னவன் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவதும் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தது. புட்டுப் பானை வற்றிக் கருகின பிறகுதான் நான் அசைந்தேன்.

புதன்கிழமை விடிய அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறி, முறிகண்டியில் கற்பூரம் கொளுத்திவிட்டு மல்லாவிக்குப் போனோம். வினோதன் தன் ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும், ஆர் அன்ரி நீங்கள் என்று கேட்டான். சித்திரையில் அம்மா, ஐப்பசியில் அன்ரி. காரைப் பற்றிச் சொன்னேன், எந்தக் கார், நான் உங்களிட்டை ஒரு காரும் வாங்கேல்லை, வாங்கினதுக்கு என்ன பேப்பர் கிடக்கு என்றான். பேப்பர் இல்லைத்தானே. நான் கொடுத்தேன், அவன் வாங்கினான், எழுத்தில் ஒன்றும் இல்லை. அப்பா வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். அப்போதுதான் எனக்கு எலுமிச்சம்பழம் நினைவு வந்தது. காரை எடுத்துக்கொண்டு போகிற அன்று நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, முதல் உருட்டு உருட்ட முதல் ஒரு படம் எடுங்கோ அம்மா என்று அவனே கேட்டு நான் எடுத்த படம், என் பெருவிரல் ஒரு மூலையை மறைக்கிறது என்று உனக்கு அனுப்பாமல் விட்ட படம். போனில் தேடி எடுத்தேன். கார், நம்பர், மாலை, ஸ்ரேறிங்கில் வினோதன், முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது, கீழே திகதியும் கிடக்கிறது. தம்பி, இதிலை பல்லைக் காட்டுறது உங்கடை அண்ணரோ என்று கேட்டேன். அவன் ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டு, இருங்கோ அம்மா, தேத்தண்ணி குடியுங்கோ என்றான். திரும்ப அம்மா ஆகிவிட்டேன். ஆடி மாதமே காரைப் பூவரசங்குளத்து ரஜிதன் என்றவருக்கு விற்றுவிட்டானாம், அதே வெறும் பேப்பரோடு. ரஜிதன் கட்டாரில் வேலை, மனுசிக்கும் பிள்ளைகளுக்கும் என்று வாங்கிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். மனுசி என்றதும் நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அன்றைக்குப் பின்னேரம்தான் நீ கோல் எடுத்தாய்.

வியாழக்கிழமை வினோதனையும் இழுத்துக்கொண்டு அவனுடைய வானிலேயே பூவரசங்குளம் போனோம். வர மாட்டேன் என்று நின்றான், அந்தப் படத்தை ஸ்ரேசனிலை பெரிசாக் கழுவி மாட்டச் சொல்லுறன் என்று சொன்ன பிறகு ஏறினான். வீட்டில் ரஜிதனின் மனுசி யதுர்ஷிகா, உன்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு இருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள். கார் எங்கை பிள்ளை என்று கேட்டேன், அவர் வித்துப்போட்டார் என்றாள். ஆனால் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் நெல்லு மூட்டையை மூடுகிற நீலப் படங்கு ஒன்று கார் உயரத்துக்கு நின்றது. தூக்கிப் பார்த்தேன். இடப்பக்க லைற் உடைந்து, மட்கார்ட் உள்ளே போய், கண்ணாடி ஓரத்தில் சைக்கிள் கரியர் கீறின தடம். நாளைக்குக் காலமை ரிங்கர் வேலைக்கு ஆள் வருகுது, தட்டிப் பெயின்ற் அடித்தால் ஒன்றும் தெரியாது என்று அவளே அழுதுகொண்டு சொன்னாள். நாங்கள் ஒரு நாள் பிந்திப் போயிருந்தால் உன் பெயரைத் தவிர வேறு ஒன்றும் மிஞ்சியிராது. லைசன் இன்னும் எடுக்கவில்லையாம், எல் போர்ட் மாட்டிப் பழகிக்கொண்டிருக்கிறாளாம், பிள்ளைகளை ரியூசனால் ஏற்றிக்கொண்டு வர மழைத் தூறலில் புல்லுக் கட்டோடு ஒரு சைக்கிள் ஒழுங்கைக்குள்ளால் வீதிக்குத் திரும்பினதாம். நிற்பாட்டி இறங்கி, ஆளை மரத்துக்குக் கீழே இழுத்துவிட்டாளாம். சனம் கத்திக்கொண்டு ஓடி வரப் பயத்தில் ஏறி ஓடிவிட்டாளாம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், அம்மா, உங்கடை மகள் வெளிநாட்டிலை தானே, அவாவை ஒருத்தரும் பிடிக்க ஏலாது, பேர் அவாவின்ரையாவே இருக்கட்டும், என்னை விட்டிடுங்கோ, எனக்கு ரெண்டு குமர் என்று.

எனக்கு வந்த கோபத்தில் அவளை அடித்திருப்பேன். மூத்த பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு நின்றது, அதனால் கை எழும்பவில்லை. ஒரு கதிரையை இழுத்துக் காருக்கு முன்னால் போட்டு இருந்தேன். பிள்ளை, என்ரை மகளுக்கும் ஒண்டு இடுப்பிலை கிடக்கு, நீ எழும்பி வராட்டி நான் இதிலையே இருக்கிறன், உன்ரை ரிங்கர் ஆள் வந்து எனக்கும் சேர்த்துப் பெயின்ற் அடிக்கட்டும் என்றேன். ஒரு மணித்தியாலம் இருந்தேன். வினோதன் வெளியே நகம் கடித்தான், அப்பா முற்றத்தில் நின்ற கோழியோடு கதைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் முகம் கழுவி, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். பொலிசுக்கு இல்லை, முதலில் ஆஸ்பத்திரிக்கு, எனக்கு அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் பெயர் பழனியாண்டி, அறுபது வயது, ஆட்டுக்குப் புல்லு வெட்டிக்கொண்டு வந்தவர். கால் கட்டுப் போட்டு மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவளைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். இடிச்சத நான் பேசல புள்ள, நானும் கையக் காட்டாமத்தான் திரும்புனேன், என்னைய மரத்தடியில போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போனியே, அதைத்தான் நாலு நாளா நெனச்சுக்கிட்டுக் கிடக்கேன் என்றார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர், அழுவாத, ஆட்டுக்குப் புல்லுப் போட ஆளில்ல, அதுக்கு ஒரு வழி பண்ணு என்றார். அன்றைக்கே வினோதனை வானில் அனுப்பிப் புல்லு வெட்டுவித்தேன். ஹாட்வெயார்க்காரனுக்குக் கத்தி பிடிக்கத் தெரியவில்லை, வெட்டினதில் பாதி ஆடு வாய் வைக்காத நாயுண்ணிச் செடி.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு ஸ்ரேசனில் யதுர்ஷிகா தானே போய், நான்தான் ஓட்டினது சேர் என்று சொன்னாள். வினோதன் தான் வாங்கினதையும் விற்றதையும் சொல்லிக் கையெழுத்து வைத்தான், படத்தையும் பதிந்தார்கள். நான் வாங்கில் அவளோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். அவளுக்குக் கோட்டு வழக்கு இருக்கு, என்ன ஆகும் என்று தெரியாது. ரஜிதன் கட்டாரில் இருந்து எனக்குக் கோல் எடுத்து, உங்கடை மகளின்ரை பேரைக் காப்பாத்த என்ரை மனுசியைக் குடுத்துப்போட்டியள் என்று ஏசினார். ஓம் தம்பி என்றேன். நான் செய்தது சரிதான், ஆனாலும் அந்த மூத்த பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. நாளைக்கு இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், கதவைச் சாத்தினால் படியில் வைத்துவிட்டு வருவேன். பிழை முதலில் என்னுடையது. அன்றைக்கு வெட்டு மெசினை ஒரு நாள் நிற்பாட்டியிருந்தால் உன் பெயர் பூவரசங்குளத்து வீதியில் விழுந்து கிடந்திராது. நீயும் அங்கே கார் ஓடுகிறாய் பிள்ளை. ஐஸ் என்கிறாய், சறுக்கும் என்கிறாய். ஏதாவது நடந்தால் நில், பயந்தாலும் நில், நின்றுகொண்டு பயப்படு.

இதோடு மூன்று பேப்பர் வைத்திருக்கிறேன், பென்சிலால் புள்ளடி போட்ட இடங்களில் கையெழுத்துப் போடு. இந்த முறை வாங்கினவரின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துப் போடு, ரஜிதன் என்று அப்பா எழுதியிருக்கிறார், எழுத்து அவருடையது என்பதால் கண்ணாடி போட்டு வாசி. பாஸ்போட்டில் உன் படம் இருக்கிற பக்கமும் போய் வந்த முத்திரைப் பக்கங்களும் கொப்பி எடுத்து, கஜேந்தினி சொல்லுகிற ஆளிடம் அடுத்த கிழமைக்குள் கொடுத்துவிடு. கார் கோட்டு முடியும் வரைக்கும் ஸ்ரேசன் வளவில்தான் நிற்கும். ஏசுவதென்றால் ஒரேயடியாக ஏசி முடி, தவணை முறை வேண்டாம். சின்னவனுக்கு என் முத்தம், மருமகனுக்கு நான் இந்தக் கதையில் கொஞ்சம் புத்திசாலியாக நடந்த மாதிரிச் சொல்லு. நீ மார்கழியில் தலை நிமிர்ந்து வந்து இறங்கு, ஓரமாக நிற்கச் சொல்ல ஒருவரும் இல்லை. பிள்ளையார் உங்கள் மூன்று பேரையும் நெடுங்காலம் நலமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு
உன் வாயாடி அம்மா
சி. விமலேஸ்வரி

ஒன்றை எழுத மறந்துபோனேன். வெள்ளிக்கிழமை காரை யதுர்ஷிகா வீட்டில் இருந்து ஸ்ரேசனுக்கு அப்பாதான் ஓட்டிக்கொண்டு போனார். வளவுக்குள் நிழலில் விடச் சொன்னார்கள், பின்னுக்கு எடுத்தார், பொறுப்பதிகாரி ஐயா வளர்க்கிற குரோட்டன் பூச்சாடி இரண்டு உடைந்தது. ஐயா அதையும் புத்தகத்தில் பதியச் சொன்னார். வாகன உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினார்கள். எழுத்துப்பிழை இல்லை.