நாலாம் டிவிஷன் என்றே எழுதுவேன்

மச்சான்,

நேற்று வேலை இடைவேளையில், விமான நிலையத்தில் நாங்கள் உடுப்பு மாற்றுகிற அறையில், என்னோடு பெட்டி ஏற்றுகிற பஞ்சாபிக்காரன் ஒருவன் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு ஒரு களிம்பைத் தேய்க்கத் தொடங்கினான். கண்ணில் தண்ணீர் வரவைக்கிற அந்தக் காரமான மணம். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டேன். லண்டனில், லூயிஷாமில் உங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வரும்போது, நீ உள்ளே இருக்கிறாயா இல்லையா என்று படியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அந்த மணத்தோடு உன் அம்மா தினமும் சாம்பிராணி போட்டுப் போட்டுத் தோற்றுப்போன வீடு அது.

அந்த நேரம் என் சேர்ட் பொக்கற்றுக்குள் நாலாய் மடித்த தாள் ஒன்று இருந்தது. உன்னைப் பற்றி நான் எழுதியது. நீ செத்த முப்பத்தோராம் நாளுக்கு உன் அண்ணை கல்வெட்டு அடிக்கிறார். எங்கள் சனத்தின் வழக்கம் உனக்குத் தெரியும்தானே. செத்தவனின் படத்தை முன்னட்டையில் போட்டு, அவன் செய்ததையும் செய்யாததையும் சேர்த்துப் புகழ்ந்து, சாப்பிட வருகிற எல்லாருக்கும் கையில் கொடுக்கிற புத்தகம். "கூட்டாளி எண்டு நீயும் ஒரு பக்கம் எழுதித் தா" என்று அண்ணைதான் கேட்டார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என்னிடம் வந்து கேட்டார் என்றால், உனக்கு எவ்வளவு கூட்டாளிப் பஞ்சம் என்று யோசித்துப் பார்.

எழுதிக் கொடுத்தேன். சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். எழுத்துப் பிழைகளைத் திருத்தியதற்கு நன்றி. ஆனால் நான் "நாலாம் டிவிஷனில் டிபெண்டராக விளையாடினான்" என்று எழுதிய இடத்தை வெட்டி, "இங்கிலாந்தின் புகழ்பூத்த உதைபந்தாட்ட வீரர்" என்று போட்டிருக்கிறார். பதினைந்து வயதில் உன்னை இரண்டு கிழமை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பின பெரிய கிளப்பின் பெயர் தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. பதினாலு வருடம் நீ விழுந்து எழும்பின ஐந்து சின்னக் கிளப்புகளின் பெயர் ஒன்றும் இல்லை. பிறகு நீ கடைசி வரை ஓட்டின பஸ், "போக்குவரத்துத் துறை" ஆகிவிட்டது. இன்னும் ஒரு பக்கம் இடம் இருந்திருந்தால் உன்னை மந்திரியாக்கியிருப்பார்.

உடனே போன் எடுத்தேன்.

"அண்ணை, இந்தத் தாளில இருக்கிற ஆள் ஆர்? எனக்குப் பழக்கமில்லாத ஆளாக் கிடக்கு."

"பகிடி விடாத. டொக்டர்மார் வருவினம், எஞ்சினியர்மார் வருவினம். என்ர தம்பி நாலாம் டிவிஷனில நிண்டவன் எண்டு எப்பிடியடா போடுறது?"

"நீங்களும் கணக்குப் பாக்கிற ஆள்தானே. லண்டனில எத்தினையாவது எக்கவுண்டன்ற், அண்ணை? முதலாவதோ?"

நானே தொடர்ந்தேன்.

"சரி, முதல் ஆயிரத்துக்குள்ள வருவீங்களோ?"

"அது வேற, இது வேற."

வேறு இல்லை, மச்சான். அண்ணை மேலே இருந்து எண்ணுகிறார், அதுதான் பிழை. கீழே இருந்து எண்ணிப் பார்க்கட்டும். இந்த நாட்டில் சனி ஞாயிறு வந்தால் எந்தப் புல்வெளியில் ஆள் இல்லை? தொந்தியோடு ஓடுகிறவன், சிகரெட்டை வேலிக்கரையில் வைத்துவிட்டு ஓடுகிறவன், என்னைப்போல ஓடாமலே கத்துகிறவன். அத்தனை பேரையும் தாண்டி, அவர்களுக்கு மேலே எத்தனையோ லீக்கைத் தாண்டித்தான் உன் நாலாம் டிவிஷன். இப்போது அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை மாற்றினால் படி மாறுமா? மொட்டைமாடிக்கு நாலு படி கீழே நின்றவனைப் பார்த்து, கீழே அடிவளவில் கிடந்தான் என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

இந்தப் பேச்சு உனக்குப் புதிசில்லை. கலியாண வீடுகளில் உன்னைப் பிடித்துக் கேட்பார்களே.

"தம்பி என்ன செய்யிறீர்?"

"புட்போல் விளையாடுறன், மாமா."

"அது நல்லது. வேலைக்கு என்ன செய்யிறீர்?"

"அதுதான் மாமா வேலை."

"அப்ப ஏன் ரிவியில காணேல்லை?"

நீ சிரித்துக்கொண்டு பலகாரத் தட்டுப் பக்கம் நழுவுவாய். நான் விடமாட்டேன். "மாமா, உங்களையும்தான் நான் ரிவியில காணேல்லை" என்பேன். உனக்கு வந்த பகையில் பாதி என் வாயால் வந்தது. மீதி உன் காலால் வந்தது.

மே மாதம் வந்தால் உங்கள் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு வருடக் கொன்ராக்ட். சீசன் முடிந்ததும் மனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இருக்கிறாயா போகிறாயா என்று சொல்லுகிற நாள். உனக்கு இருபத்திநாலு வயது, இரண்டாவது கிளப். முழங்கால் வீங்கி அரைவாசி சீசன் விளையாடாமல் கரை வாங்கிலில் இருந்தாய். அந்த முறை வெட்டுத்தான் என்று நீயே சொன்னாய். அம்மா உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டா. கொன்ராக்ட் கிடைத்தால் பிள்ளை முதுகில் செடில் கொக்கி குத்திக் காவடி எடுப்பான் என்று. நேர்த்தி வைத்தது அம்மா, முதுகு உன்னுடையது.

கொன்ராக்ட் கிடைத்தது. கோயில் தேர் ஓகஸ்ட்டில் வந்தது. உன் லீக்கும் ஓகஸ்ட்டில்தான் தொடங்கும் என்று முருகனுக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. நீ மறுக்கவில்லை. முதுகில் ஆறு செடில். பின்னால் கயிறு பிடித்தது நான். லண்டன் வீதியில், பொலிஸ்காரர் வாகனங்களை மறித்துப் பார்த்துக்கொண்டு நிற்க, நீ ஆடினாய். "இழுடா, நித்திரையே?" என்று திரும்பி என்னைப் பேசினாய். இழுத்தேன். பழைய கோபம் இரண்டு மூன்று இருந்தது, அதையும் சேர்த்து இழுத்தேன்.

அடுத்த நாள் பயிற்சிக்குப் போய்ச் சேர்ட்டைக் கழற்றினாயாம். கிளப்பில் உடம்பு பார்க்கிற மனிசன் உன் முதுகைப் பார்த்துவிட்டு, கத்திக் குத்து என்று நினைத்துக் கதவைச் சாத்தி, மனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தானாம்.

"இதை உனக்கு ஆர் செய்தது?"

"அம்மா."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். பொலிசுக்குப் போன் அடிக்கவா என்று மனேஜர் மெல்லக் கேட்டானாம். பிறகுதான் நீ விளங்கப்படுத்தினாய். கோயில், நேர்த்தி, கொக்கி, கயிறு, எல்லாம்.

"கொக்கியைக் குத்திக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்தாய்?"

"நடக்கேல்லை. ஆடினனான்."

"பின்னால இழுத்தது?"

"என்ர கூட்டாளி. ஒவ்வொரு மச்சுக்கும் வந்து கத்துவானே, அவன்."

மனேஜர் உன் முதுகை இன்னொருமுறை பார்த்துவிட்டு, "சனிக்கிழமை நடுவில நீ நில்" என்றானாம். அதுவரைக்கும் உன்னைப் பயந்த பெடியன் என்று நினைத்திருந்தானாம். பிறகு மூன்று சீசன் உன்னை அந்த இடத்திலிருந்து ஒருவரும் எடுக்கவில்லை. முருகனின் வேலை என்று அம்மா சொன்னா. இழுத்தது நான் என்று இன்றுவரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் கதையையும் அண்ணை வெட்டிவிட்டார், மச்சான். வெள்ளைக்காரர் வருவார்களாம், காட்டுமிராண்டிகள் என்று நினைப்பார்களாம்.

ஒரு மழைநாள் மச்சை மட்டும் அவர் வெட்டவில்லை. ஏனென்றால் நான் எழுதவில்லை. எப்படி எழுதுகிறது என்று தெரியவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

வடக்கே ஒரு ஊர். இரண்டு பஸ், ஒரு ரயில் பிடித்து, மடியில் ரோல்ஸ் பார்சலோடு வந்தேன். கம்பிக்கரையில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவன் "இதில ஆர் உன்ர ஆள்?" என்று கேட்டான். அஞ்சாம் நம்பர் என்றேன். அவன் என் ரோல்ஸைத் தின்றுகொண்டே உன்னை ஏசினான். எதிர்ப்பக்கத்துச் சனம் தொடக்கத்திலிருந்து உன் நிறத்தைப் பிடித்துக்கொண்டது. "கடைக்குப் போடா! கடைக்குப் போ!" எங்கள் ஆட்கள் எல்லாரும் மூலைக்கடை வைத்திருக்கிறோம் என்று அவர்களுக்கு நினைப்பு. நீ ஒரு பந்தை வெளியே அடித்துவிட்டுத் திரும்பி, அவர்களைப் பார்த்துச் சிரித்து, இங்கிலீசில் சொன்னாய்: "மன்னிக்க வேணும், இண்டைக்குக் கடை பூட்டு." அவர்களிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

கடை பூட்டித்தான் இருந்தது. கடைசி நிமிடத்தில் உங்கள் கோல்கீப்பர் விழுந்து கிடக்க, வெறும் வலைக்கு முன்னால் நீ மட்டும். எதிர்ப்பக்கத்தவன் அடித்த பந்து நேரே உன் முகத்தில். மூக்கு உடைந்தது. ரத்தத்தோடு எழும்பி, அதே பந்தைத் துரத்திப்போய் வெளியே அடித்தாய். பூச்சியத்துக்குப் பூச்சியம். விசில்.

திரும்பி வருகிற வழியில் மூக்கில் பஞ்சோடு நீ பாடாத பாட்டில்லை. "என்னடாப்பா, உலகக் கோப்பையோ வெண்டனீ? ஒரு கோலும் இல்லை, ஒண்டும் நடக்கேல்லை" என்று நக்கலடித்தேன்.

"ஒண்டும் நடக்கேல்லை, மச்சான்" என்றாய். "அதுதான் நான் செய்த வேலை."

அடுத்த நாள் பேப்பரில் உன் பெயர் இல்லை. அடித்த கோலை எழுத ஆள் இருக்கிறது, விழாத கோலை ஆர் எழுதுகிறது? உன் காலத்தில் நீ அடித்தது மொத்தம் மூன்று கோல். அதில் இரண்டு எங்கள் வலைக்குள். அதையும் எழுதினேன். அதையும் வெட்டிவிட்டார்.

அண்ணை கெட்டவர் இல்லை. உன்னை எரித்த அன்று அந்த மனிசன் நின்ற நிலையை நான் பார்த்தேன். ஆனால் பதினாலு வருடத்தில் உன் ஒரு மச்சுக்கும் வராதவர். ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டு: படிப்பு, சோதினை, வேலை, பிள்ளைகள், குளிர். இப்போது உன்னைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. பார்க்காததை எழுதுகிறவனுக்குப் பெரிய பெயர்கள்தான் கைகொடுக்கும். அது எனக்கு விளங்குகிறது. விளங்குகிறது என்பதற்காக விடமுடியாது.

ஏனென்றால் உன் கடைசி மே மாதத்தை நான் பார்த்தவன். ஐந்தாவது கிளப், முப்பத்திரண்டு வயது. மனேஜர் கூப்பிட்டு இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டான். நீ வீட்டுக்குப் போகாமல் நேரே ஹவுன்ஸ்லோவுக்கு என்னிடம் வந்தாய். என் மனிசி இடியப்பமும் சொதியும் வைத்தா. பதினெட்டு இடியப்பம் சாப்பிட்டாய். நான் எண்ணினேன். பிறகு கேட்டேன், நாளைக்கு உன்னை என்னவென்று சொல்லுவாய் என்று.

"விளையாடினவன் எண்டு சொல்லுவன்."

"எங்கயெண்டு கேட்டா?"

"நாலாம் டிவிஷனில. ஏன், அதில என்ன குறை?"

குறை ஒன்றும் இல்லை. நீ வெட்கப்படாத ஒன்றுக்கு, நீ செத்த பிறகு உனக்காக வெட்கப்பட ஒருவருக்கும் உரிமை இல்லை. இதைத்தான் நேற்றுப் பின்னேரம் அண்ணைக்குத் திரும்பவும் போன் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப உன்ர பக்கம் புத்தகத்தில வராது" என்றார்.

"பக்கம் வராட்டி நான் வருவன், அண்ணை."

போனை வைத்துவிட்டார். நான் நேரே ஹவுன்ஸ்லோ ஹை ஸ்றீற்றில் படப்பிரதி எடுக்கிற கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டு வந்தேன். இந்த மடலை இருநூறு பிரதி எடுக்கப் போகிறேன். எழுத்துப் பிழைகளோடுதான். அதைத் திருத்த எனக்கு ஆள் இல்லை இப்போது. எல்லா ஐந்து கிளப்பின் பெயரும் அடியில் கையால் எழுதிவிடுவேன். அண்ணையின் புத்தகத்தை நான் கிழிக்கமாட்டேன், அவருடைய துக்கம் அவருக்கு. ஒவ்வொரு புத்தகத்தின் நடுவிலும் இந்தத் தாளை வைத்துவிடுவேன், அவ்வளவுதான்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது கோப்பையும் இல்லை, மெடலும் இல்லை. நிற்கிற பழக்கம் ஒன்றுதான். மேலாளர் கத்தினாலும், பெட்டி விழுந்தாலும், சனம் பழித்தாலும், ஓடிப்போய் முட்டாமலும் பயந்து பின்னுக்குப் போகாமலும் நின்ற இடத்தில் நிற்கிறது. பெட்டி ஏற்றுகிற இடத்தில் எனக்கு அது நல்லாய் உதவுகிறது. வீட்டில் மனிசிக்கு முன்னால் மட்டும் வேலை செய்யுதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் முப்பத்தோராம் நாள், குரோய்டனில் மண்டபம். அதற்கு ஒரு வாசல்தான், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணை வந்து கையைப் பிடித்து இழுக்கலாம், ஏசலாம், அழலாம். முதல் தாளை அவர் கையில்தான் கொடுப்பேன். பிறகு வருகிறது ஆராயிருந்தாலும், சாப்பாட்டுக்குப் போகிற வழி என்னைத் தாண்டித்தான்.