உப்புத் தரையில் அப்பா

ஜூன் 17, செவ்வாய். கூடாரத்தில்.

தம்பிக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் அவன் பக்கத்தில் படுத்திருந்தாலும் இதை எழுதலாம்.

ஜீப் பயணத்தில் இன்று இரண்டாம் நாள். மத்தியானம் உப்புத் தரையில் எங்கள் ஜீப்பின் பின்சக்கரம் புதைந்துவிட்டது. அம்மா ஸ்டியரிங்கைப் பிடிக்க, அப்பாவும் வழிகாட்டியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஜீப் வெளியே வந்ததும் அப்பா கீழே உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. நான் மட்டும்தான் பார்த்தேன்.

"அப்பா, ஆர் யூ ஓகே?"

"கேஸ்தான்மா. காலைல சாப்பிட்ட உருளைக்கிழங்கு. அம்மாகிட்ட சொல்லாத, ட்ரிப்பையே கேன்சல் பண்ணிடுவா."

பிறகு அம்மாவிடம் போய்ப் பெருங்காயம் போட்ட மோர் கேட்டார்.

"டெசர்ட்டுக்கு வந்தும் உங்களுக்கு மோரா?" அம்மா சிரித்துக்கொண்டே ஐஸ் பெட்டியைத் திறந்தாள்.

குடித்துவிட்டு ஓர் ஏப்பம் விட்டார். "பாத்தியா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இரவு அவர் சாப்பிடவில்லை. பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோதும் முதலில் கேஸ் என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் ஊர் சுகர் லேண்டில் என்றால் பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிடும். நாளை மேட்டுப் பாலைவனத்துக்குள் போகிறோம். அங்கே இரண்டு நாள் போன் எடுக்காதாம். இங்கே ஒரு கோடு சிக்னல் இருக்கிறது.

சொன்னால் அப்பா என்னோடு பேசமாட்டார். பேசவேண்டாம். அம்மாவை எழுப்பப் போகிறேன்.