தென்பாலத்தில் மூன்று பேருந்துகள்

பதிவு 211: மார்ச் 3, 2094, காலை 06:10

சாட்சி விண்நிலையம். பணியில் ஒருவர்: செசிலி மோத்தா, கண்காணிப்பாளர். ஆக்ஸிஜன் சீர். குடிநீர் வடிகட்டி மாற்றப்பட்டது.

கெல்மா நாட்டின் எல்லைக் காட்டில் 340 கவச வண்டிகள். நேற்று 210. மூன்று வாரமாகக் கூடிக்கொண்டே வருகின்றன. படங்கள் இந்த நிலையத்தை நடத்தும் ஒன்பது நாடுகளின் உளவுத்துறைகளுக்கும் போயின. பதில்: "வழக்கமான பயிற்சி. கவனித்து வரவும்."

வண்டிகளுக்குப் பின்னால் கள மருத்துவமனைக் கூடாரங்கள் அடித்திருக்கிறார்கள். பயிற்சிக்கு அத்தனை மருத்துவக் கூடாரம் எதற்கு என்று குறிப்பு சேர்த்தேன்.

பதிவு 214: மார்ச் 5, காலை 05:42

கெல்மா படை ஓரன் நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. மூன்று சாலைகளில், மேற்கு நோக்கி. அறிக்கையின் தலைப்பில் 'படையெடுப்பு' என்று எழுதினேன்.

07:15. தரைக்கட்டுப்பாட்டிலிருந்து பலவேசம் அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர். எட்டு ஆண்டுகளாக என் குரலுக்கு மறுமுனை அவர்தான்.

"அந்த ஒரு சொல்ல மட்டும் எடுத்துருங்கம்மா. 'நகர்வு'ன்னு போட்டாப் போதுமாம். மேல கேக்காங்க."

காரணம் எனக்குத் தெரியும். இந்த நிலையம் படையெடுப்பு என்று அறிவித்தால், ஓரனோடு செய்த உடன்படிக்கைப்படி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஒன்பது நாடுகளும் ஓரனுக்கு உதவிக்குப் போயாக வேண்டும்.

சொல்லை எடுக்கவில்லை.

பதிவு 216: மார்ச் 6, பகல் 13:20

ஒன்பது தலைநகரங்களும் பேசிவிட்டன. ஏழில் 'ஆழ்ந்த கவலை'. இரண்டில் 'இரு தரப்பும் பொறுமை காக்க வேண்டும்'. என் அறிக்கை பரிசீலனையில் இருக்கிறதாம்.

13:48. வானொலி ஆர்வலர்களின் அலைவரிசையில் ஒரு பெண். தமிழ்.

"அக்கா, கேக்குதா? நான் லில்லிபுஷ்பம். ஊரு நாரோயிலு. இங்க ஓரன்ல, லிர்னா ஆஸ்பத்திரியில நர்ஸு. உங்க பேரு பேப்பர்ல வந்திருந்துச்சு, தூத்துக்குடின்னு. நாப்பத்திரெண்டு நோயாளிய மூணு பஸ்ஸுல ஏத்தி வச்சிருக்கோம். ஆத்தத் தாண்டணும். வடபாலமா, தென்பாலமா? அது மட்டும் சொல்லுங்க."

அனுமதி கேட்டேன். உளவுக் குழுவின் பதில்: "நாம் எதையெல்லாம் பார்க்கிறோம் என்பது கெல்மாவுக்குத் தெரிந்துவிடும். காத்திருக்கவும்."

நிலையம் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை, தொண்ணூறு நிமிடம், காத்திருந்தேன். லிர்னா மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தபோது வடபாலத்தில் டாங்கிகள் நின்றன. இரண்டாம் முறை அனுமதி கேட்கவில்லை.

"தென்பாலம். இப்பவே கெளம்புங்க. எங்கயும் நிக்காதீங்க" என்றேன்.

பதிவு 217: மார்ச் 6, மாலை 16:55

மூன்று பேருந்துகளும் தென்பாலத்தைக் கடந்து மேற்குக் கரையில்.

"தாண்டிட்டோம்க்கா. ஒரு பொம்பளப்பிள்ள பஸ்ஸுலயே பொறந்திருக்கு."

தரைக்கட்டுப்பாட்டிடம் எதையும் மறைக்கவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பிவிட்டேன்.

பதிவு 218: மார்ச் 7, காலை 09:05

என் ஒலிபரப்பியைத் தரையிலிருந்து அணைத்துவிட்டார்கள். கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. இனி எழுதுவதெல்லாம் நிலையத்தின் நினைவகத்தில் மட்டும். யார் கண்டெடுத்தாலும், தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

09:30. ஆர்வலர் அலைவரிசையில் பலவேசம் அண்ணாச்சி. வீட்டிலிருந்து பேசுகிறார் போலும், குரல் தாழ்ந்திருந்தது.

"நீங்க பதில் பேச முடியாதுன்னு தெரியும். கேட்டுக்கிடுங்கம்மா. உங்க பேர்ல ஒரு அறிக்கை விட்டிருக்காங்க. கெல்மா படை திரும்பிப் போகுதத நீங்க பாத்ததா போட்டிருக்கு. படை திரும்பிட்டுன்னா உதவிக்குப் போவாண்டாம்லா, அதுக்குத்தான். எல்லா ரேடியோவுலயும் ஓடுது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். நான் போடாமலே அனுப்பிட்டாங்க."

படை திரும்பவில்லை. ஒரு வண்டிகூடத் திரும்பவில்லை. லிர்னா மருத்துவமனை முற்றத்தில் மட்டும் பதினொரு டாங்கிகள் எண்ணினேன்.

பதிவு 219: மார்ச் 7, 11:12

லில்லிபுஷ்பம்.

"அக்கா, ரேடியோவுல கேட்டோம். படை போயிட்டுன்னு நீங்களே சொன்னீங்களாம். இங்க மருந்து தீந்துட்டு, குளிரு வேற. வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம். ஆஸ்பத்திரிக்கே திரும்புதோம். நல்லாயிருங்கக்கா."

இல்லை என்று கத்தினேன். ஒலிபரப்பியின் உறையைக் கழற்றி நேரடியாக மின்சாரம் கொடுத்தேன். விரலைச் சுட்டது. விளக்கு எரியவில்லை. இன்னொரு கம்பி. அதுவும் இல்லை.

12:44

தெரிகிறது. தென்பாலம். மூன்று பேருந்துகள், கிழக்கு நோக்கி. முதல் பேருந்து பாலத்தின் பாதியில். கரையில் எதிரே டாங்கிகள் நகர்கின்றன. பொத்தானை அழுத்திக்கொண்டே பேசுகிறேன். லில்லி, நான் சொல்லவில்லை. லில்லி, திருப்பச் சொல்லு

அடிவானம் மறைத்துவிட்டது.

மறுபடி அங்கே வர தொண்ணூறு நிமிடம். திரையில் எச்சரிக்கை: நினைவகத்தையும் தரையிலிருந்து மூடுகிறார்கள். இதைப் படிப்பவர்களே, அந்த அறிக்கையை நான் எழுதவில்லை. நான் எழு