அப்பா காட்டு மனிதர் ஆன விவரம்

அன்பு மகளுக்கு அப்பா தன் கையால் எழுதுவது. நானும் என் முழங்கால் வலியும் ஒருவரை ஒருவர் அனுசரித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை, அடித்தல் திருத்தல் எல்லாம் என் சொந்தச் சம்பாத்தியம். ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது, நடுவில் டீ ஆறிவிடுகிறது, அதனால் நீயும் அவசரமாகப் படித்துவிடாதே.

யாரோ அனுப்பிய வீடியோவில் உன் அப்பன் கழுத்தில் பாசிமணியும் தலையில் இலையுமாக, கையில் முழங்கை நீளக் கத்தியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது கோலம், சோத்துக்கு இல்லாமயா விட்டுட்டோம், உடனே கெளம்பி இங்க வாங்க" என்று நீ போனில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. அப்போது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, இப்போது கை வருகிறது. உன் வீட்டுக்கு வர எனக்குக் கசப்பில்லை அம்மா. ஆனால் கையில் வேலை இல்லாமல் வந்தால் உன் சோபாவில் இன்னொரு தலையணை மாதிரிக் கிடக்க வேண்டுமே என்ற பயம்தான். அதனால்தான் இந்த வேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வெளியே வனவாசப் பயிற்சி முகாம் என்று ஒன்று நடக்கிறது. ஆபீஸ்காரர்கள் வாரக் கடைசியில் பணம் கட்டிக் கஷ்டப்பட வருவார்கள். அதன் மேனேஜர் நம் கடைக்கு இஸ்திரிக்குச் சட்டை கொண்டுவருகிறவர், ஒருநாள் என்னையே உற்றுப் பார்த்து, "இந்த மீசைய வெச்சுக்கிட்டு சட்டைக்கு மடிப்பு எடுக்கறீங்களே பெரியவரே, பாவமில்லையா" என்றார். மறு வாரம் நான் காட்டு மனிதர். எனக்குத் தெரிந்த காடு பூங்காவில் வரிசையாக நிற்கும் குரோட்டன்ஸ் செடிதான் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க பேசவே வேணாம், மீசை பேசும்" என்றார். வருகிறவர்களிடம், "ஐயா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர், காட்டைத்தான் வாசிப்பார்" என்று அறிமுகம் செய்வார். மற்றதெல்லாம் புளுகு என்றாலும் அந்த ஒன்று அப்போது நிஜமாகத்தான் இருந்தது.

அந்தக் கத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வருகிறவர்கள் முதலில் அதைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்பது மேனேஜர் வைத்த சடங்கு. மடக்க முடியாத முரட்டுக் கத்தி, கனமெல்லாம் முன்பக்கம், அதனால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். முதல் பாடம் விறகு பிளப்பது. கட்டையை நிற்க வைத்து, அதன் தலையில் கத்தியைப் பதித்து, இன்னொரு கட்டையால் கத்தியின் முதுகில் தட்டினால் ரொட்டி மாதிரிப் பிளந்து வரும். இது எனக்கு நிஜமாகவே வந்துவிட்டது, இஸ்திரிப் பெட்டி பிடித்த கை அல்லவா. இரண்டாவது புதரை வெட்டி வழி உண்டாக்குவது. வாரா வாரம் வெட்டினால் புதருக்கு எங்கே போவது? அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோட்டக்காரர் முள்கிளைகளைக் கொண்டுவந்து வழியை மறித்துக் கட்டிவைப்பார், சனிக்கிழமை இவர்கள் உயிரைக் கொடுத்து வெட்டுவார்கள். பக்கத்திலேயே தார் ரோடு போகிறது, அதில் போகும் பஸ்காரர் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்துவார். அப்புறம் தீக்கோல் என்று ஒரு சின்ன உலோகக் கம்பி, அதில் கத்தி முதுகை உரசிப் பொறி பறக்க விட்டு அடுப்பு மூட்டுவது. பொறி பறக்கும், தீ பற்றாது. சமையல்காரர் முன்கூட்டியே சுள்ளிக்கு அடியில் மண்ணெண்ணெய்ப் பஞ்சைச் செருகி வைத்திருப்பார். நான் வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு ஊதுவேன், அவர்கள் கண்கலங்குவார்கள். கூடாரத்து முளை சீவ, அதை அடித்து இறக்க, குழி தோண்ட, டப்பா திறக்க, முதுகு சொறிய என்று அந்தக் கத்திக்கு ஓய்வே கிடையாது. போட்டோ எடுக்கத்தான் எல்லாவற்றையும் விட அதிகம் பயன்படும்.

இதற்கிடையில் நான் சாயங்கால எழுத்து வகுப்பில் சேர்ந்த கதை உனக்குத் தெரியும். நாங்கள் விட்டுவிடும் புள்ளிகளை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி வைக்கிறதால் அங்கே பாடம் நடத்தும் அம்மாவுக்குப் புள்ளி டீச்சர் என்று பெயர். எழுத்து கூட ஆரம்பித்ததும் எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது, எதைப் பார்த்தாலும் வாய்விட்டுப் படிக்கிறேன், சோப்பு உறையைக் கூட விடுவதில்லை. முகாமில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

போன மாதம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். காட்டுக் கத்தி பளபளக்கக் கூடாது என்று மேனேஜர் அதற்குக் கருப்பு பெயின்ட் அடித்து வைத்திருந்தார். விறகு பிளந்து பிளந்து அது உதிர்ந்துவிட்டது. அன்று காலை எல்லோரும் வட்டமாக நிற்க நான் கத்தியை உயர்த்தினேன், வெயிலில் பிடிக்குப் பக்கத்தில் எழுத்து தெரிந்தது. எழுத்தைப் பார்த்தால் நான் சும்மா இருப்பேனா? "இ... றை... ச்சி... வெ... ட்ட... மட்டும்" என்று உரக்கப் படித்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. ஒரு பெண், "அப்போ நேத்துலேருந்து கசாப்புக்கடை கத்தியவா தொட்டுக் கும்பிட்டோம்" என்று கேட்டாள். அவர்களுடைய பெரிய அதிகாரி, "ஐயாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னாங்களே" என்றார். "போன வருஷம் வரைக்கும் அது சத்தியமான பேச்சுங்க" என்றேன். உடனே அப்படி ஒரு கைதட்டல். கத்தியை விட்டுவிட்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பனியன் கழுத்தில் தைத்த லேபிள், பிஸ்கட் பாக்கெட், பஸ்ஸின் அவசர வழிப் பலகை என்று எதைக் காட்டினாலும் படித்தேன். எனக்கும் கண்ணில் தண்ணீர், மண்ணெண்ணெய் இல்லாமல் வந்தது.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் மேனேஜரின் மூளை வேறு ரகம். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "பெரியவரே, இது புதரவிட நல்லா ஓடும் போலிருக்கே" என்றார். இனி வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் அந்தக் கத்தியை முதல் முதலாகப் படிப்பது போலப் படிக்க வேண்டுமாம். "அதே மாதிரி திக்கணும், அதே எடத்துல அழணும், சம்பளத்தக் கூட்டித் தர்றேன்" என்றார்.

மகளே, கட்டி வைத்த முள்ளை வெட்டினேன், பஞ்சில் வைத்த தீயை ஊதினேன், எல்லாம் சிரித்துக்கொண்டே செய்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் மீன்காரம்மாவும் காவல்காரரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து திக்கித் திணறிப் படித்திருக்கிறோம், ஒருவர் திக்கும்போது மற்றவர் வாய் தன்னால் அசையும். அந்தத் திக்கலை வேஷமாகப் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். போதாததற்கு எனக்கு இப்போது திக்காமல் வருகிறது, அதை வேறு மறைக்க வேண்டுமாம். "அப்ப மாலையும் இலையும் கழட்டுங்க" என்றார். கழற்றிக் கொடுத்தேன். இலை வாடிப்போயிருந்தது, அதையும் வாங்கிக்கொண்டார்.

ஆக உன் அப்பா இப்போது காட்டு மனிதர் இல்லை. கடையில் பழையபடி மடிப்பு எடுக்கிறேன், எவ்வளவு சூடு தாங்கும் என்று சட்டைக்குள் தைத்திருக்கும் லேபிளைப் படித்துவிட்டுத்தான் பெட்டியை வைக்கிறேன், இதுவரை எல்லாத் துணியையும் ஒரே சூட்டில் தேய்த்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது, ஊர் எப்படிப் பொறுத்ததோ. வகுப்புக்கு விடுமுறை விடும்போது உன் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறேன். சோபாவில் கிடக்க வரவில்லை, குட்டியோடு சேர்ந்து அதன் புத்தகத்தைப் படிக்க வருகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், குட்டிக்கு முத்தம், நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும். முக்கியமான விஷயம், ஸ்டேஷனிலிருந்து எந்த நம்பர் பஸ், எந்த நிறுத்தம், எத்தனாவது மாடி என்று மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. கூட்டிப்போக யாரும் வர வேண்டாம். வழியில் பலகைகள் இருக்கும் அல்லவா.

இப்படிக்கு,
தன் கையெழுத்தைத் தானே போடும்
உன் அப்பா