கார் எஞ்சினின் ஹெட் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது?

“புக்குல போட்டிருக்கற டார்க் அளவுலதான் இறுக்குவேன்!”

“அது கம்பெனி போல்ட்டுக்கு, அத்திம்பேர்! நீங்க வாங்கிண்டு வந்தது வேற!”

ஏன்னா, நீங்களும் என் தம்பி நிரஞ்சனும் போட்ட சத்தத்தை மாடவீதியே ஜன்னலைத் திறந்து கேட்டது. நானும்தான்.

சாயங்காலம் நம் பெண் சாருவைப் பார்க்க வருகிறவர்களை அடையாற்றிலிருந்து நம் ஃபியட்டிலேயே அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்தது நீங்கள். வீம்பு வேண்டாம். போல்ட் விற்ற கடைக்கு ஃபோன் செய்து, அதை எவ்வளவு டார்க்கில் முறுக்க வேண்டும், மரையில் எண்ணெய் தடவியா தடவாமலா என்று கேளுங்கள். எண்ணெய் தடவிவிட்டு, தடவாத போல்ட்டுக்கான அளவில் இறுக்கினால் போல்ட் அறுந்தே போகுமாம். நீங்களோ தலைக்குத் தேய்க்கிற மாதிரி தடவியிருக்கிறீர்கள்.

இந்தச் சீட்டை வைத்துவிட்டு நான் வெற்றிலை வாங்கப் போகிறேன். கேசரி மூடியிருக்கிறது, ருசி பார்க்க வேண்டாம்.

மறந்துவிட்டேன்: எண்ணெய் டப்பாவை உங்களிடம் ஓடிவந்து கொடுத்தது சாரு. அவளுக்கு இந்த வரனில் இஷ்டமில்லையோ என்னவோ. போன வருஷம் எதிர்வீட்டு ஸஹானாவைப் பார்க்க வந்தவர்களும் இப்படித்தான், அவள் அப்பாவின் கார் பாலத்தில் கொதித்து நின்றதும் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டார்கள். வண்டியை வீடுவரை இழுத்து வந்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் பரோடா போய்விட்டாள்.